சின்னம்மாவின் சுட்டுவிரல்

“…ஆனபடியால ரெண்டு பேரும் இறங்குங்கோ” என்று சின்னம்மா சொன்னபோது நானும் சித்தப்பாவும் சீற் பெல்ற்கூடப் போட்டு முடித்திருந்தோம். சற்று முன்னர்தான் அவ கார் லைசென்ஸுக்காக நாலாந்தரம் றோட் ரெஸ்ற்றுக்குப் போய்ப் பாஸாகி வந்திருந்தா. சந்தோஷத்தில் மூளை கலங்கிவிட்டதாக்கும் என்பதுபோலச் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் என்னத்தைச் சொல்ல?

சின்னம்மா அம்மாவின் தங்கை. ஸ்காபரோவில் இருந்தவரைக்கும் கீழே இறங்கினால் பஸ், பஸ்ஸில் ஏறினால் அவ வேலை செய்த பேக்கரி. பிறகு நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினார்கள். நாலு அறை, இரண்டு கார் விடக் கராஜ், நடந்து போய்ப் பிடிக்கிற தூரத்தில் ஒரு பஸ்ஸும் இல்லை. வேலை நின்றுபோனது. “லைசென்ஸை எடுத்துக்கொண்டு கிறிஸ்மஸுக்கு முன்னம் வாரும், அதுமட்டும் உம்மட இடத்தை வைச்சிருக்கிறன்” என்று பேக்கரி முதலாளி அன்ரி சொல்லியிருந்தா.

சித்தப்பா தங்கமான மனிசன். எங்கே போகவேண்டும் என்றாலும் முகம் சுளிக்காமல் ஏற்றி இறக்குவார். “உமக்கேன் இந்தக் கரைச்சல், நான் இருக்கிறன்தானே” என்பார். இப்படி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்லுவா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கார் பழக்கியதும் அவர்தான். பக்கத்தில் இருந்துகொண்டு, “பிரேக், பிரேக்! அங்க ஒருத்தன் வாறான்! சிவப்பு, சிவப்பு!” என்று அவவின் கண்ணுக்கு முந்தி அவருடைய வாய் பார்த்துவிடும். ரெஸ்ற்றில் பக்கத்தில் இருப்பவர் வாய் திறப்பதில்லை. சின்னம்மா மூன்று தரம் ஃபெயில். மூன்றாந்தரம், இரண்டு பக்கமும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“பார்த்தனான்! கழுத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக் காட்டவோ?” என்று குசினியில் அடுப்படியில் நின்று கத்தினா.

சனிக்கிழமைகளில் என்னை அங்கேதான் விடுவார்கள். நான் ரயில் பைத்தியம். அன்று அவவின் டிவியில் ஜப்பானில் ஏதோ ஒரு நாட்டுப்புறத்து ரயிலைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத்து ரயில் இல்லை, ஒரு சின்னக் கம்பனியினுடையது. ஒரேயொரு பெட்டி. வயலுக்கு நடுவில் ஊர்ந்து போகும், ஆளில்லாத ஸ்ரேசனில் நிற்கும், முள்ளங்கிப் பையோடு ஒரு கிழவி ஏறுவா. ஓட்டுவது ஒரு பொம்பிளை. வெள்ளைக் கையுறை. சிக்னல் வந்தால் விரலை நீட்டிச் சத்தமாக ஏதோ சொல்லுவா. கதவைப் பூட்டினால் ஒரு நீட்டு, மணிக்கூட்டைப் பார்த்தால் ஒரு நீட்டு. ஏறிய கிழவி இறங்கிப் போய்ப் பெட்டி வெறுமையான பிறகும் அதே நீட்டு, அதே சத்தம்.

“உவ ஆரோட கதைக்கிறா?” என்று சின்னம்மா வந்து நின்றா.

ஒருவரோடும் இல்லை, பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லுகிறா என்று கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்துச் சொன்னேன். பிறகு எனக்கொரு சந்தேகம். “பக்கத்தில ஒருத்தரும் இல்லையே சின்னம்மா, அப்ப சிவப்பு வந்தால் அவவுக்கு ஆர் சொல்லுறது?”

சின்னம்மா றிமோட்டை என் கையில் இருந்து வாங்கி, முதலில் இருந்து திரும்பப் போட்டா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் விரலுக்கு ஓய்வில்லை. “அடுப்பு நிப்பாட்டியாச்சு, சரி!” “முன்கதவு பூட்டு, சரி!” என்னப்பா, பேய் பிடித்துவிட்டதோ என்று சித்தப்பா கேட்டதற்கு, “ஓம், ஜப்பான் பேய்” என்றா. லைசென்ஸ் உள்ள ஒருத்தர் பக்கத்தில் இல்லாமல் கார் பழகக்கூடாது; வாயைத் திறந்தால் இறங்கி நடந்துவிடுவேன் என்று சொல்லித்தான் அவரைக் காருக்குள் ஏற்றினா. மனிசன் ஒவ்வொரு சந்தியிலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். நான் பின்சீற்றில் இருந்து, விரல் நீட்டாமல் விட்டால் எண்ணி வைத்துச் சொல்லுவேன்.

நாலாவது ரெஸ்ற் முடிந்து கார் திரும்பி வந்தபோது கண்ணாடி இறங்கியிருந்தது. “பின்னுக்கு ஒருத்தரும் இல்லை, சரி!” தனித்தமிழில், நாங்கள் காத்து நின்ற கார்த்தரிப்பிடம் முழுக்கக் கேட்டது. யாரோடு பேசுகிறாய் என்று பரிசோதகர் கேட்டாராம். றோட்டோட என்று இவ சொன்னாவாம். இவ்வளவு பார்க்கிற ஒருவரை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்துப் பாஸ் போட்டாராம்.

பாஸானது நான்தான் என்பதுபோல நான் துள்ளினேன். சித்தப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. பழக்கதோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினார். “திறப்பைத் தாரும், களைச்சுப்போனீர், நான் ஓடுறன்.”

சின்னம்மா திறப்பைக் கொடுக்கவில்லை. சரி, அவவே ஓட்டட்டும் என்று அவர் பக்கத்தில் ஏறினார், நான் பின்னால் ஏறினேன். அப்போதுதான் சொன்னா: “நான் ஒருக்காத் தனிய ஓடிப் பார்க்கவேணும், ஆனபடியால ரெண்டு பேரும் இறங்குங்கோ.”

இறங்கினோம். காற்று காதை அறுத்தது. ரயிலைக் காட்டியதே நான், என்னையும் எதற்கு இறக்க வேண்டும்? எனக்கு அழுகை வந்தது. சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு தானாகவே பொத்திக்கொண்டார். சின்னம்மாவுக்கு எங்கள் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். அந்த வயதில் எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

சின்னம்மா முன்னுக்கு விரலை நீட்டினா. சரி. பின்னுக்கு நீட்டினா. சரி. பிறகு விரலை மெல்லத் திருப்பி, சித்தப்பா இருந்து எழும்பிய சீற்றைக் காட்டி, “பக்கத்தில ஒருத்தரும் இல்லை, சரி” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரை றோட்டுக்கு இறக்கினா.