அப்செட் என்றால் என்ன

தெமோதரையில் பதுளை ரயிலேறிய தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா, கறையேறிய விரல்களால் போனைத் துடைத்துக்கொண்டே என் எதிரே வந்து உட்கார்ந்தார். மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலையாம்.

“மொதலாளி ஏசுறாராம். ‘அப்செட்டா இருக்கு, டவுனா இருக்கு’ங்குறா. அப்படின்னா என்னாங்க சேர்?”

“மனசு ஒடஞ்சு போச்சும்மா. புள்ள அங்க நிக்கவே பயப்படுது.”

“அதச் சொன்னா லீவு குடுப்பாங்களா? எங்க தோட்டத்துல காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்போ காய்ச்சல்னாத்தான் லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாங்க.”

ரயில் சுரங்கத்துக்குள் புகுந்தது; போனில் சிக்னல் இல்லை. சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வந்ததும் மகளை அழைத்தார்.

“காய்ச்சல்னு சொல்லிட்டு வந்துரு புள்ள. யாராச்சும் கேட்டா என்கிட்டப் பேசச் சொல்லு.”

பதுளையில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டார். நான் டவுனாகும் நாட்களில், அப்படியொரு பொய்யைச் சொல்லித்தர என் போனில் யாருமில்லை.