மாக்கிறட்டின் வாய்

வெள்ளாங்குளத்து மாக்கிறட்டுக்கு நான் பதினெட்டாயிரம் ரூபாய் கடன். மூன்று மாதச் சம்பளம். ஒன்றரை வருடமாகக் கொடுக்காமல் வைத்திருந்தேன். வசதி இல்லாமல் அல்ல, கொடுக்கக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.

நீக்கிலாஸ் என்கிற நான் யார் என்று மன்னார்ப் பள்ளிமுனையில் கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் மனைவியை அடக்கம் செய்துவிட்டு, இரண்டாயிரத்து மூன்றில் அங்கிருந்து திரும்பி வந்தபோது என்னிடம் ஒரு பையும் ஒரு மகளும்தான். இன்று மூன்று படகு, மீன் வாடி, மீன் ஏற்றுகிற பட்டா வாகனம், மாபிள் போட்ட வீடு. வங்கிக்காரனே கதிரை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுகிறான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். ஆனாலும் இது என் கதை இல்லை, மாக்கிறட்டின் கதை.

மாக்கிறட் இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்தவள். செட்டிகுளத்து முகாமில் ஒன்றரை வருடம் கிடந்தாள். வெள்ளாங்குளத்துக் காணிக்குத் திரும்பியபோது கிணற்றுக் கட்டும் ஒரு முருங்கையும்தான் மிஞ்சி இருந்தன. வீட்டுத் திட்டத்தில் அத்திவாரம் போட்டுச் சுவரையும் எழுப்பிவிட்டாள். கூரைக்குக் காசு போதவில்லை. பள்ளிமுனையில் தங்கச்சி வீட்டில் தங்கிக்கொண்டு என் வாடிக்கு மீன் வெட்ட வந்தாள். கருவாட்டுக்கு ஒரு மீனைக் கிழித்து உப்பில் போடுகிற நேரத்துக்குள் அவளுடைய வாய் இரண்டு கதையைச் சொல்லி முடித்துவிடும். கேட்க ஆள் இல்லையென்றால் காகத்துக்குச் சொல்லுவாள். மட்டைப்பெட்டி தின்ன வருகிற கழுதைகளையும் விடமாட்டாள்.

"என்ன மாப்பிள்ளை, வெள்ளனவே வந்திட்டீர்? மனுசி கலைச்சுவிட்டவவோ?" என்பாள் கழுதையிடம். கழுதை காதை ஆட்டும். "ஓமெண்டு சொல்லுறார் பாருங்கோ சம்மாட்டியார்!"

வாடி முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். படகுச் சொந்தக்காரனான சம்மாட்டி சிரித்தால் வேலை நடக்காது.

என் மகள் சோபனாவுக்குக் கலியாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தையில், தூரத்து ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லத்திலிருந்து ஐந்து மாதப் பெண்குழந்தை ஒன்றை நீதிமன்றம் மூலம் எடுத்தோம். ஜெனிஸ்ரா என்று பெயர் வைத்தோம். எல்லாம் சட்டப்படி, செலவெல்லாம் என்னுடையது. மருமகன் றெக்சன் அடுத்த மாதமே கட்டாருக்குப் போய்விட்டான். சோபனாவுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. பிள்ளையைப் பார்க்க மாக்கிறட்டை வீட்டுக்கு எடுத்தேன், மாதம் ஆறாயிரம். கொஞ்சக் காலம் கையில் வாங்கினாள். பிறகு, "உங்கட கையிலயே கிடக்கட்டும் சம்மாட்டியார், கூரைத் தடிக்குச் சேர்த்து வாங்குறன்" என்றாள்.

அப்படி மூன்று மாதம் சேர்ந்தபோதுதான் அது நடந்தது. மத்தியானம் வாடியிலிருந்து வந்தேன். கிணற்றடியில் பிள்ளையைக் கால்மேல் கிடத்திக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் பெத்த ராசாத்தியடி நீ? எந்த ஊரில பிறந்து எங்கட சோபனான்ர மடியில வந்து விழுந்தனி, சொல்லு பாப்பம்?"

"தத்தா! புப்பா!" என்று பிள்ளை காலை உதைத்தது.

"அப்பிடியே? பிறகு?"

"புப்பா!"

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எடுத்து வளர்க்கிற பிள்ளை என்ற அந்த ஒரு விசயம் பிள்ளையின் காதில் விழக் கூடாது என்றுதானே எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அயலவரைக்கூட வாசலோடு நிறுத்தி வைத்திருந்தேன். "எவ்வளவு குடுத்து வாங்கினனீங்கள்?" என்று கேட்ட ஒருவனுடைய சட்டையைப் பிடித்தவன் நான்.

"உந்த வாயைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு," என்றேன்.

"சம்மாட்டியார், பிள்ளைக்கு என்ன விளங்கப் போகுது? விளங்கினாலும் பொய்யே சொன்னனான்?"

"வெளிக்கிடு எண்டால் வெளிக்கிடு."

"என்ர சம்பளம்?"

"உன்ர வாயிட்டக் கேள்."

பிள்ளையைத் துவாயில் சுற்றி என் கையில் தந்துவிட்டுப் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனதை அன்றைக்குத்தான் கண்டேன். வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரே திருப்தி.

சோபனா வேலையை விட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். நான் சட்டம் போட்டேன்: பிள்ளைக்கு முன்னால் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. ஒருவரும் வந்திருந்து கதையளக்கக் கூடாது. கட்டாரிலிருந்து றெக்சன் போன் எடுத்தால் சோபனா அதைக் கொண்டு வளவின் கோடிக்குப் போவாள். வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று படமும் பாட்டும் ஓடுகிற பெரிய ரீவி ஒன்றும் வாங்கிப் போட்டேன். என் வீட்டைப் போல ஒழுங்கான வீடு பள்ளிமுனையில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை நடந்தது, ஓடியது. வாய் மட்டும் திறக்கவில்லை. இரண்டு வயது முடிந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தைக் காட்டும். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். நாக்கடி ஒட்டியிருக்குதோ என்று பார்ப்பித்தேன். பெற்றவள் ஊமையாய் இருந்திருப்பாளோ, அந்த இரத்தம்தானோ என்றும் யோசித்தேன். இதை யோசித்தவன் நான்தான், வேறு யாரும் இல்லை. வருகிற தையில் நேசரிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், வாய் பேசாத பிள்ளையை யார் எடுப்பார்கள் என்று சோபனா அழுவாள். அதையும் சத்தமில்லாமல்தான் அழுவாள்.

பிள்ளைக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும் ஆனபோது மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காதை மெசினில் பார்த்தார்கள், குறை இல்லை. பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜெகதீபன் என்ற பொடியனிடம் அனுப்பினார்கள். என் மகளின் வயதுகூட இருக்காது என்று நினைத்தேன். அவன் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, மரக் கட்டைகளை வைத்துப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் விளையாடினான். பிள்ளையை வெளியே தாதியோடு விட்டுவிட்டு வந்து கேட்டான்.

"வீட்டில பிள்ளையோட ஆர் கதைக்கிறது?"

"எல்லாரும்தான் தம்பி. நாங்கள் என்ன ஊமையளோ?" என்றேன்.

"அக்கா, நேற்றுக் காலமை பிள்ளை எழும்பினதில இருந்து படுக்குமட்டும் நீங்கள் பிள்ளைக்குச் சொன்னதுகளை ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

சோபனா யோசித்தாள். "வா எண்டனான். சாப்பிடு எண்டனான்." கொஞ்சம் பொறுத்து, "படு எண்டனான்."

"வேற?"

"அவ்வளவுதான்."

"ஐயா, நீங்கள்?"

கணக்கில் நான் பிழை விட்டதில்லை. மூன்று படகின் மீன் கணக்கும் எனக்கு மனதில் நிற்கும். எண்ணிப் பார்த்தேன். நேற்று, முந்தநாள், அதற்கு முன். எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"ரீவி இருக்குத் தம்பி," என்றேன். "நாள் முழுக்கக் கதைக்கும்."

"ரீவி பிள்ளையின்ர முகத்தைப் பாத்துக் கதைக்காது ஐயா. பிள்ளை ஒண்டு சொன்னால் மறுமொழியும் சொல்லாது."

நான் குரலைத் தாழ்த்தினேன். "இது எடுத்து வளர்க்கிற பிள்ளை. பிறந்த இடத்துக் குறையாய் இருக்குமோ?"

"கைக்குழந்தையா எடுத்து வளர்க்கிற பிள்ளையள் சிலது கொஞ்சம் பிந்தித்தான் கதைக்கத் தொடங்குங்கள். இடமும் மாறி, கேட்ட குரலும் மாறி வந்ததுகள்தானே. ஆனால் கதைக்கிற வீட்டில வளர்ந்தால் அனேகமா மற்றப் பிள்ளையளை எட்டிப் பிடிச்சிடுங்கள். பாஷை இரத்தத்தில வாறேல்ல ஐயா. முந்தி எப்பவாவது சத்தம் போட்டவளோ?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சோபனா முந்திவிட்டாள்.

"மாக்கிறட் அக்கா இருக்கேக்க நாள் முழுக்கக் கத்துவாள். தத்தா, புப்பா எண்டு ஒரே சத்தம். அவ போய் ரெண்டு மாதத்தில நிண்டிட்டுது."

"அவ ஏன் போனவ?"

"அப்பா கலைச்சவர்."

என் மகள் என்னை முன்னால் வைத்துக்கொண்டு என்னைக் குற்றம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதோடு நிற்கவும் இல்லை. "எனக்குப் பயம் தம்பி. வாயைத் திறந்தால் அது தவறி வந்திடுமோ எண்டு பயம். அதால திறக்கவே இல்லை."

"அதை வளர வளர நீங்களே சொல்லுறதுதான் நல்லம் அக்கா," என்றான் பொடியன். "ஒளிக்க ஒண்டும் இல்லாட்டிப் பயமும் இல்லைத்தானே."

கிணற்றடியில் மாக்கிறட் சொன்னதும் இதைத்தானே.

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். குண்டு விழுந்த செல்லடிக்குள் நின்றவன் நான். நடுக்கடலில் படகு மெசின் நின்று இரண்டு நாள் மிதந்தவன். அங்கெல்லாம் பிழை என்னுடையதாக இருக்கவில்லை. ஊமை இரத்தம் என்று நான் தேடித் திரிந்தது என் வாயிலிருந்து வந்த சட்டத்தைத்தான். கேட்கிற காதோடு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து, மாபிள் வீட்டுக்குள் வைத்து, ஒன்றரை வருடம் ஒன்றையும் கேட்க விடாமல் வளர்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ரீவியை நிறுத்தினேன். அப்போதுதான் என் வீடு எனக்குக் கேட்டது. சுவர்க் கடிகாரம் அடிப்பது மட்டும். ரீவி நின்றதைக் கண்ட பிள்ளை வந்து என் முகத்தைப் பார்த்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. வாடியில் நான் கத்தினால் பள்ளிமுனைக் கோயிலடிக்குக் கேட்கும் என்பார்கள்.

அடுத்த நாள் காலையில் சோபனாவையும் பிள்ளையையும் பட்டாவில் ஏற்றிக்கொண்டு, மாக்கிறட் திரும்பிப் போயிருந்த வெள்ளாங்குளம் போனேன். சுவர்கள் அப்படியே நின்றன. மேலே ஓடு இல்லை, தடியும் இல்லை. கூரைக்குப் பதிலாக முகாமில் கொடுத்த தறப்பாளை இழுத்துக் கட்டியிருந்தாள். ஒன்றரை வருடத்து மழையும் அதன் மேல்தான் பெய்திருக்கிறது. வழி முழுக்க யோசித்து வைத்திருந்த கதையெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

மாக்கிறட் முற்றத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாரடி ஆடே, ஆர் வந்திருக்கினம் எண்டு. நீக்கிலாஸ் சம்மாட்டியார்! உன்னை விலை கேக்க வந்தாரோ தெரியாது."

"மாக்கிறட், பிள்ளை கதைக்குதில்லை," என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவளுடைய முகம் மாறியது. பிள்ளையைப் பார்த்தாள், பிறகு சோபனாவை. சோபனா ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் சொன்னாள். மாக்கிறட் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

"திரும்ப வந்து பிள்ளையைப் பார். பத்தாயிரம் தாறன்," என்றேன்.

"நான் வரேல்ல. எனக்கு வீடு கட்ட வேணும். நீங்களே கதையுங்கோவன், வாய்க்கென்ன வாடகையே?" பிறகு குரல் இளகியது. "பிள்ளையை மட்டும் கிழமைக்கொருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ, சோபனா. முதல்ல என்ர பழைய கணக்கு."

உறையை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"உறை வேண்டாம். எண்ணித் தாங்கோ. வாய் திறந்து, சத்தமா. அண்டைக்கு என்னை வெளிக்கிடு எண்டு சொன்ன மாதிரி."

கையை விரித்து நீட்டினாள். உப்பும் கத்தியும் பட்டு வெடித்த கை. நான் ஆயிரம் ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக வைத்தேன்.

"ஒண்டு. ரெண்டு. மூண்டு."

பிள்ளை சோபனாவின் கையை விட்டுவிட்டு வந்து நடுவில் நின்றது. தாளைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்தது. நான் இத்தனை சொல் ஒன்றாகச் சொல்லி அது கண்டதில்லை.

"ஆறு. ஏழு. எட்டு."

"ட்டு," என்றது பிள்ளை.

தாள்கள் என் கையிலிருந்து நழுவி முற்றத்தில் விழுந்தன. சோபனா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடுதான் கத்தியது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் மாக்கிறட். அவளுடைய கண் நிறைந்திருந்தது, கை நீட்டியபடியே நின்றது. "பிள்ளை மறுமொழி சொல்லிப்போட்டுது, நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிக்கிறியள். எண்ணுங்கோ!"

எத்தனை வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. என் சீவியத்தில் முதல் தடவையாகக் கணக்குப் பிழைத்தது. அவளுடைய கையில் இருந்ததை வாங்கி, விழுந்ததையும் பொறுக்கி, பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்திக்கொண்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். கோயிலடிக்குக் கேட்கிற குரலில். பதினெட்டாவது தாளை மாக்கிறட்டின் உள்ளங்கையில் வைக்கும்வரை நிறுத்தவில்லை.