தைவான்காரியின் காது

ஒரு நாள் வகுப்பின் நடுவே அவளுக்கு இணையம் நின்றுபோனது. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. இடம் ஒன்றுதான். அதற்கான மொழி வகுப்பைத் தச்சநல்லூர் வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் படித்தேன். நான் சேரும்போதே அங்கே தைவானிலிருந்து ஒருத்தி இருந்தாள், தாய்மொழி சீனம். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம்.

ஜப்பானிய மொழியில் மழையும் 'அமே', மிட்டாயும் 'அமே'. குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டுத்தான் எது என்று பிரிக்க வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அவளோ டீச்சர் வாயை மூடுவதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். எனக்கு வயிறு எரியும். மைக்கை அணைத்துவிட்டு, "பெரிய இவ" என்று முணுமுணுப்பேன். சீனத்தில் ஒவ்வொரு அசைக்கும் ஒரு ராகம் உண்டாம். பிறக்கும்போதே அந்தக் காதோடு வந்தவளோடு நான் எப்படிப் போட்டி போடுவது? பெரிய அநியாயம் என்று வீட்டில் எல்லோரிடமும் புலம்பினேன்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அன்று டீச்சர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் முதன்முதலில் எழுதிய கேட்புத் தேர்வைத் திரையில் காட்டினார். பத்துக்கு மூன்று. என் முதல் தேர்வில் நான் ஐந்து வாங்கியிருந்தேன்.

அவள் சிரித்தாள். "எல்லா அசையிலும் எங்கள் ஊர் ராகத்தைத் தேடினேன். இங்கே குரல் இறங்கும் இடம் ஒன்றைப் பிடித்தால் போதும் என்று புரியவே ஒரு வருஷம் ஆனது. தினமும் விடியற்காலையில் கேட்டுக் கேட்டுத்தான் காது மாறியது" என்றாள்.

நான் விடியற்காலையில் ஒருநாள்கூட எழுந்ததில்லை.

கீழே இறங்கினேன். அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"விடுளா. அவளுக்கு அது தாய்ப்பால்லயே வந்தது. நீ என்ன செய்வ?"

"ஆமாம்மா" என்றேன்.