ரெட்டினாலும் ஜொகூர் வெயிலும்

முகத்துக்குப் பூசுவதை விற்றுப் பிழைப்பவர்களுக்கு வெளியே வெயில் ஏற ஏற பயமும் ஏறும். மலேசியாவில், ஜொகூரின் ஸ்கூடாயில் ஒரு ஃபார்மசியின் அழகுப்பொருள் கவுண்டரில் நிற்கிற எனக்கு அது தினசரி வியாதி. இதே தொழிலில் இருப்பவர்கள் படிக்கும்போதே தலையாட்டுவீர்கள்.

பட்டாணி அளவு

செல்வி சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் கார் வாசலில் செக்யூரிட்டி. தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய் வருகிறவள். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம், கன்னத்தில் பருத் தழும்பு, அதனால் ரெட்டினால் கிரீம் கேட்டாள். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. தழும்பை மெல்ல மங்க வைக்கும், ஆனால் வெயிலுக்கும் அதற்கும் ஆகாது. வாரம் இரண்டு நாள், பட்டாணி அளவு, இரவில் மட்டும், காலையில் சன்ஸ்கிரீன் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். எல்லாவற்றுக்கும் சரி என்றவள், சன்ஸ்கிரீனை மட்டும் திருப்பி வைத்தாள்.

"அது எதுக்குக்கா? நான்தான் ஹெல்மெட் போடறேன்லா."

சிவந்த கன்னம்

இரண்டு வாரம் கழித்து அம்மாவோடு வந்தாள். கன்னம் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. எங்கள் ஃபார்மசிஸ்ட் பார்த்துவிட்டு ரெட்டினாலை நிறுத்தச் சொன்னார். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொடுத்து, ஆறாவிட்டால் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

நான் விசாரித்தேன். பட்டாணி அளவுதானா? ஆமாம். வாரம் இரண்டு நாள்தானா? ஆமாம். இரவில்தானா? சத்தியமாக. அப்புறம் எங்கே கோளாறு? காலாவதித் தேதியும் சரியாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தம் என்னால் கெட்டுவிடுமோ என்று டியூபை மறுபடியும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செல்வியின் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்மா, நீங்களே வந்து சொல்லிடுங்க."

நாலு மணி இருட்டு

அவர்கள் கிளம்பியும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கார் நிறுத்துமிடம் வரை ஓடிப்போய் செல்வியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இரவில் எத்தனை மணிக்குப் பூசுகிறாய்? பாலம் தாண்டி வேலைக்குப் போகிற ஜொகூர்க்காரிக்குத்தான் இந்தப் பதில் வரும்.

"நாலு மணிக்குக்கா. குளிச்சிட்டு, பூசிக்கிட்டு, பாலத்துல ஜாம் ஆகறதுக்குள்ள வேலைக்குக் கிளம்பிருவேன். அப்ப இன்னும் இருட்டாத்தானே இருக்கும்?"

லட்டுப் பெட்டி

அவள் கார் வாசலில் நிற்கும்போது ஹெல்மெட் வண்டியில், ரெட்டினால் முகத்தில், சூரியன் தலைக்கு மேல். தோல் ஆறியதும் பூசு என்று கடைக்குத் திரும்பக் கூட்டிவந்து சன்ஸ்கிரீனைக் கையில் திணித்தேன். நிச்சயதார்த்த நாளன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் லட்டுப் பெட்டியோடு வந்தாள். தோல் ஆறியிருந்தது, கன்னம்தான் கொஞ்சம் கறுத்திருந்தது. மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அவரும் அதே பாலத்துல போறவருதான்க்கா. என்னைவிட கறுத்துப் போயிருக்காரு, அவருக்கும் ஒரு சன்ஸ்கிரீன் குடுங்க."

இப்போதெல்லாம் இரவில் பூசுங்கள் என்று சொல்லாமல் படுக்கப் போகும்போது பூசுங்கள் என்கிறேன். நைட் ஷிஃப்ட் முடித்து விடிந்தபின் படுத்து, மத்தியானமே வெயிலில் கிளம்புகிறவர் யாராவது கவுண்டருக்கு வரும் வரை நிம்மதிதான்.