இடது விளக்கு மட்டும்

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் பத்ரிநாத் மாமா நம்பும் ஆள் ஒருவரும் கிடையாது. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் காலமெல்லாம் அடுத்தவர் கணக்கில் தப்பு தேடியவர். பெட்ரோல் பங்கில் இறங்கி நின்று மீட்டரில் பூஜ்யம் பார்ப்பார். பார்த்த பிறகும் அந்தப் பூஜ்யத்தின் மேல் அவருக்குச் சந்தேகம்தான்.

போன மாதம் காரை வாசல் கேட்டில் உரசிவிட்டார். மகன் சந்துரு, "கண்ணை டாக்டர்கிட்ட காட்டுப்பா. இல்லேன்னா சாவியைக் குடுத்துடு" என்றான்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லை. ஹெட்லைட்தான் மஞ்சளாப் போயிடுத்து. அதைச் சரி பண்ணியும் தெரியலைன்னா சாவியை நானே தரேன்" என்று மாமா வாயை விட்டார்.

விளக்கு மஞ்சள்தான், அதில் பொய் இல்லை. ஆனால் என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. "காரை விக்கப் பாக்கறான். மாமியும் இதுல கூட்டு. காரும் போயிடுத்துன்னா எல்லாத்துக்கும் இவா கையைப் பாத்துண்டு நிக்கணும்."

ஒரு சாயங்காலம் ராஜி மாமியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, ஊர்க்கோடியில் பட்டறைகள் நிறைந்த போசரிக்கு விட்டார். அங்கே ஹெட்லைட்டுக்கு பாலிஷ் போடும் கலியன், விழுப்புரம் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த தமிழ் ஆள். அது போதாதா மாமாவுக்கு? "ஹிந்திக்காரன் ஏமாத்தினா புரியாது. இவன் புரியற மாதிரியே ஏமாத்துவான்" என்று என் காதைக் கடித்தார்.

கலியன் இடது விளக்கை வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் அது இன்னும் வெளுத்துப் பூத்துப்போனது. மாமா பாய்ந்தார். "இருந்ததையும் கெடுத்துட்டியே."

"தேய்க்கும்போது அப்படித்தான் சார் இருக்கும். பாலிஷ் போட்டா தெளிஞ்சிரும்."

"அப்போ ஒண்ணை மட்டும் போடு. இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும். ரெண்டையும் ஒப்பிட்டாத்தானே உன் வேலை தெரியும்."

கலியனுக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் இடது விளக்கை மட்டும் முடித்துக் கொடுத்தார். மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பகல்ல எல்லாம் பளபளன்னுதான் இருக்கும், இருட்டட்டும்" என்றார்.

பொழுது சாய்ந்ததும் பட்டறைச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். இடது பக்கம் சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. வலது பக்கம் பழைய அழுக்கு மஞ்சள். மாமா மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாத்தியா? ரெண்டும் ஒரே மங்கல். இவன் ஒண்ணுமே பண்ணலை."

மாமிதான் மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, அப்படி இல்லை. இடது பக்கம் பளிச்சுனு இருக்கே."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

பொய் நாக்கு நுனி வரை வந்தது. மாமியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இவர் இருட்டில் ஓட்டுவதை நினைத்தேன். "ஆமாம் மாமா. இடதுதான் நன்னாத் தெரியறது" என்றேன்.

அவர் விளக்கை அணைத்துச் சாவியை உருவினார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. சாவியை என் கையில் வைத்தார். பிறகு கலியனிடம் போனார்.

"வலது பக்கத்தையும் போட்டுடுப்பா. இனிமே சந்துரு ஓட்டுவான். அவனுக்கு நன்னாத் தெரியணும்."