மழை நாளில் ஒரு மாப்பிள்ளை

லிஃப்ட்டுக்குள் கால் வைத்ததும் மாப்பிள்ளை பட்டனைத் தொட மாட்டார். முதலில் காதைக் கொடுப்பார். கதவு மூடும் சத்தம், மேலே கயிறு இழுபடும் சத்தம், தளத்துக்குத் தளம் பெட்டி முனகும் முனகல், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாடி பார்த்து முடித்த வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"ரெண்டாவது மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு. இன்னும் ஒரு மாசம் தாங்கும்."

விடுதி லிஃப்ட்டில் குடையும் பையுமாக நெருக்கியடித்து நின்ற குடும்பத்தில் யாரும் அசையவில்லை. பதினொரு வருடமாகக் கேட்டுக் காது மரத்துப்போன தீர்ப்பு. மச்சானின் இரட்டைப் பெண்கள் மட்டும், "ஒரு மாசம் கழிச்சு என்ன ஆகும், லிஃப்ட் மாமா?" என்றன.

"வேற யாராவது வந்து பாத்துக்குவாங்க," என்றார் அவர். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, மூடியிருந்த குடையின் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ஆள் நெட்டை. லிஃப்ட்டுக்கு அடியிலிருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி இறங்கி வேலை பார்த்ததில் முதுகு மட்டும் ஒரு சாண் குள்ளம். சட்டைப்பையில் ஒரு திருப்புளி, ஒரு சின்ன டார்ச். ஊர் சுற்ற வந்த இடத்திலும் அவை இல்லாமல் படியிறங்க மாட்டார். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எந்த சோப்புக்கும் மசியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமியார் அரைக் கூடை எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாராம். பழம்தான் கறுத்துப்போனதாம்.

லிஃப்ட் பழுது பார்க்கும் தொழிலில் கெட்டிக்காரர். பதினாலாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு பாடகியிடம் கதவிடுக்கு வழியாகவே இரண்டு மணி நேரம் பேசி, அவள் அழாமல் பார்த்துக்கொண்டவர். வெளியே வந்த பாடகி இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குரலுக்கேத்த மூஞ்சி இல்லையே," என்றாளாம். இதை மாமனார் குறைந்தது முந்நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல மாடி ஏறிக்கொண்டே போய், இப்போது இருபத்தேழில் நிற்கிறது.

இன்னும் இருபத்து மூன்று நாள்தான் அவர் இந்த வீட்டு மாப்பிள்ளை. அது அவருக்கும் மனைவிக்கும் ஒரு வக்கீலுக்கும் மட்டும் தெரியும். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. குழந்தை இல்லாததுதான் காரணமா என்றால் அதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். விவாகரத்து மனுவில் காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் வக்கீலே ஏதோ எழுதிக்கொண்டார். அதற்குள் மாமனாருக்கு இதயத்தில் ஆபரேஷன் வந்துவிட்டது. "அப்பா தேறட்டும். எல்லாரும் ஒரு தடவை எங்கயாவது போய்ட்டு வரட்டும். அப்புறம் நானே சொல்லிக்கறேன்," என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

மனைவியைப் பிரிவதை எப்படியோ விழுங்கிவிட்டார். மாமனார்தான் தொண்டையில் நின்றார். பெற்ற தகப்பனை ஏழு வயதில் பறிகொடுத்து, மாணவர் விடுதியில் வளர்ந்தவர் மாப்பிள்ளை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற இந்த மனிதர், ஞாயிறு தவறாமல் போன் செய்வார். "மாப்பிள்ளை, ஃபேன் ஒரு மாதிரி சத்தம் போடுது. வந்து பாருங்களேன்." ஃபேனில் ஒரு கோளாறும் இருக்காது. அது இருவருக்கும் தெரியும். இவர் ஏணியில் ஏறி இல்லாத கோளாறைச் சரி செய்வார். பிறகு இரண்டு பேரும் சாயங்காலம் வரை கேரம் ஆடுவார்கள். மாமனாரிடமிருந்து விவாகரத்து வாங்க யாரும் மனுப் போட வேண்டியதில்லை. அது மகளோடு வரும் இலவச இணைப்பு.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. ஏரிக்குப் போனால் படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பூங்காவுக்குப் போனால் வாசல் பூட்டிக் கிடந்தது.

"மழைய பாக்கறதுக்கா எட்டு மணி நேரம் வண்டியில வந்தோம்?" என்றான் மச்சான்.

"வீட்ல ஜன்னலத் தொறந்திருந்தா இதே மழைதான். கால் வலியாவது மிச்சமாயிருக்கும்," என்றார் மாமியார்.

"அங்க இருக்கற மழை பழசும்மா. இது புதுசு," என்றார் மாமனார்.

மாப்பிள்ளை ஒரு பெரிய குடையை மாமனாருக்கு மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய இடது பாதி தெப்பலாக நனைந்திருந்தது. வண்டிக்குள் வந்ததும் மனைவி துவாலையை நீட்டினாள். "தேங்க்ஸ்," என்றார். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "தேங்க்ஸ்ங்க," என்றாள். முன்சீட்டிலிருந்த மாமனார் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் கோபுரம் மட்டும் திறந்திருந்தது. உச்சியில் நின்றால் ஊரே தெரியுமாம். உள்ளே ஒரு கிழட்டு லிஃப்ட். மற்ற ஆறு பேரும் முதலில் ஏறிப் போனார்கள். இரண்டாம் முறை மாமனாரும் மருமகனும். வழக்கம்போல் மாப்பிள்ளை காதைக் கொடுத்தார். தீர்ப்புச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எங்கோ இடி விழுந்தது. விளக்கு அணைந்து, பெட்டி நடுவழியில் நின்றது.

அவர் டார்ச்சை ஏற்றி, தோள்பையைத் தரையில் போட்டு மாமனாரை அதன்மேல் உட்கார வைத்தார். "கரன்ட்தான் போயிருக்கு. இப்ப வந்துரும். மூச்சு எப்படி இருக்கு?"

"மூச்சுக்கு என்ன? கயிறு அறுந்துடாதே?"

"அறுந்தாலும் விழாது, மாமா. இதுல பிரேக் எப்பவுமே பிடிச்சுக்கத்தான் பாக்கும். அத விடுவிக்கத்தான் கரன்ட் வேணும். கரன்ட் போனா தானா பிடிச்சுக்கும்."

மாமனார் கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "முப்பத்தஞ்சு வருஷம் பரீட்சை ஹால்ல நின்னிருக்கேன், மாப்பிள்ளை," என்றார். "காப்பி அடிக்கிற பசங்கள எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? நல்ல பசங்க நெளிவாங்க, பேனாவக் கடிப்பாங்க, கொட்டாவி விடுவாங்க. காப்பி அடிக்கிறவன்தான் ஆணி அடிச்ச மாதிரி நேரா உக்காந்திருப்பான்."

மாப்பிள்ளை டார்ச்சைத் தரைப்பக்கம் தாழ்த்தினார்.

"போன தடவை ஊருக்குப் போனப்ப ஒரு செருப்புக்காக ரெண்டு பேரும் ஒரு நாள் பூரா சண்டை போட்டீங்க. இந்தத் தடவை தேங்க்ஸ் சொல்லிக்கறீங்க." தரையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி, "எத்தனை நாளாச்சு?" என்றார்.

பொய் சொல்லும் பழக்கம் மாப்பிள்ளைக்கு இல்லை. இந்தப் பயணத்தில்தான் கற்றுக்கொள்ளப் பார்த்தார். "ஆபரேஷனுக்கு முன்னாடியே, மாமா."

"அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒன்பது ராத்திரி படுத்தீங்க?"

"அது வேற."

வெளியே மழை கோபுரத்தின் மேல் சரளைக்கல் கொட்டுவது போல் கொட்டியது. மாமனார் ஏன் என்று கேட்கவில்லை. சமாதானம் பேசவில்லை. மகளைத் திட்டவோ மருமகனைத் தேற்றவோ முயலவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்து, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஃபேன் சத்தம் போட்டா நான் யாரக் கூப்பிடறது?"

"நான் வரேன், மாமா. எப்பக் கூப்பிட்டாலும் வரேன்."

"அவ வீட்ல இருப்பா. வாசல்ல உங்க வண்டியப் பாத்தா மூஞ்சி மாறும். அப்புறம் நானே கூப்பிடறதக் கொறச்சுக்குவேன்." கணக்கு வாத்தியார் ஒவ்வொரு வரியாகக் கழித்துக்கொண்டே வந்தார். "எனக்கும் இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை பாக்கி இருக்கோ."

இருபத்தேழாவது மாடிப் பாடகியை இரண்டு மணி நேரம் பேச்சிலேயே கட்டிப்போட்டவர், திருப்புளியை எடுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த பட்டன் பலகைத் திருகை மறுபடி முறுக்கினார். விளக்கு எரிந்தது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஏறத் தொடங்கியது. மாமனார் கையை நீட்டினார், அவர் தூக்கிவிட்டார். கதவு திறப்பதற்குள் இரண்டு பேரும் அவரவர் முகத்தைச் சரி செய்துகொண்டார்கள்.

"ரெண்டு பேரும் உள்ள என்ன பண்ணீங்க இவ்ளோ நேரம்?" என்று மாமியார் பதறினார்.

"உன் மாப்பிள்ளைகிட்ட பாடம் கேட்டேன். பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு."

உச்சியில் ஊர் இல்லை. நாலு பக்கமும் வெள்ளை வெளேரென்று மழை. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரட்டைப் பெண்கள் ஊர் எங்கே என்று கேட்டு நச்சரித்தன. வந்ததற்கு ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளலாம் என்று மச்சான் காவலாளியிடம் போனைக் கொடுத்தான்.

இருந்த ஒரே பெஞ்சில் மாமனாரும் மாமியாரும் நடுவில் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் மடியில். மச்சானும் அவன் மனைவியும் ஒரு பக்கம். மறுபக்கம் மகள். மாப்பிள்ளை அவளுக்கு அப்பால் போய், ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, கடைசியில் நின்றார். ஓரத்தில் நிற்பவரைப் படத்திலிருந்து நீக்க, பின்னால் ஒருநாள் விரலால் ஓர் இழுப்புப் போதும். யார் தோளும் வெட்டுப்படாது. அவர் மனைவி அந்த இடைவெளியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், ஈரமான தரையைப் பார்த்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றார் காவலாளி.

மாமனார் மடியிலிருந்த பேத்தியை இறக்கிவிட்டு எழுந்தார்.

"எங்க போறீங்க, இப்பத்தானே உக்காந்தீங்க?" என்றார் மாமியார்.

மாமனார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, மகளைத் தாண்டினார். மாப்பிள்ளையையும் தாண்டினார். தாண்டிப் போய், அவருக்கு அந்தப் பக்கம், சாரல் அடிக்கும் கடைசி ஓரத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டு, "ம், எடுங்க," என்றார்.