பூசி மூடிய ஒன்பது வெட்டுகள்

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது ஐந்தாவதோடு நின்ற எனக்கு இன்றும் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இருபது வருஷம் பூச்சு வேலை பார்த்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் கான்கிரீட் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடத்துக்காக, சிமெண்டில் மெல்லிய இரும்பு நார் கலந்து ஒன்பது கட்டைகள் வார்த்தேன். நாரை மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டிக்கொள்ளும். கையால் உதிர்த்து உதிர்த்துத்தான் தூவவேண்டும். விரல் நுனியெல்லாம் புண். பிறகு இருபத்தெட்டு நாள் தண்ணீரில்.

"உடையறது பெருசு இல்லண்ணா. விரிசல் வுட்ட பிறகும் நாரு எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு நிக்குதுன்னுதான் பாக்கணும்" என்பார் மேடம். ஊருக்குப் போகும்போது, "கட்டையில எதுனா தெரிஞ்சா போன் பண்ணுங்க" என்றார்.

திங்கட்கிழமை பார்த்தால் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் நடுவில் ஒரு பிளவு. என் அச்சில்தான் கோளாறு என்று நினைத்தேன். போனில் பேச எனக்குக் கூச்சம். சிமெண்டுப் பால் குழைத்து ஒன்பதையும் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தும் விட்டேன்.

உடைக்கிற இயந்திரம் அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் எங்களுக்கு. ஊரிலிருந்து திரும்பிய மேடம் கட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திண்டிவனத்தில் கல் அறுக்கிறவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஒன்னுத்துலயும் வெட்டே இல்ல. அறுக்காமயே போயிட்டீங்களா?"

"இன்னா மேடம் பேஜாரு! ஞாயித்துக்கெழம வந்து ஒம்போதையும் அறுத்தேனே."

"பொய் சொல்லாதீங்க. இனிமே உங்கள கூப்புடவே மாட்டேன்."

சும்மா நின்றிருந்தால் பழி அந்த ஆளோடு போயிருக்கும்.

"மேடம், நான்தான்... பூசிட்டேன்."

"எத?"

"அந்தப் பிளவ. அச்சு சரியில்லன்னு நெனச்சி."

போனில் அவர் சிரித்தார். "யோவ், காஜாவ தெச்சி மூடுன டைலரு நீதானா!"

மேடம் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். விரிசல் எங்கே தொடங்கவேண்டும் என்று காட்டத்தான் அந்த வெட்டு என்று மெதுவாகச் சொன்னார்.

"திரும்ப அறுத்தா அளவு மாறிடும். புதுசாத்தான் வார்க்கணும். நான் குடுக்க வேண்டிய தேதி போச்சுண்ணா." பிறகு போனைப் பார்த்து, "மன்னிச்சிக்குங்க, உங்கமேல தப்பில்ல" என்றார். அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் நார் உதிர்க்க உட்கார்ந்தேன். மேடமும் எதிரில் வந்து உட்கார்ந்து உதிர்த்தார்.

திரும்பவும் இருபத்தெட்டு நாள். நேற்று திண்டிவனத்துக்காரர் வந்து அறுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். இன்று ஆறு கட்டை உடைத்தோம்; ஆறிலும் விரிசல் வெட்டிலிருந்துதான் கிளம்பியது. மூன்று பாக்கி. பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து, இதை எழுதுகிறேன்.

கார்த்திகை பதினொன்று, வியாழக்கிழமை.